இளைத்ததற்குக் கொள்ளு போடாதீர்கள்: காப்பகக் குதிரையைத் தோட்டத்தில் வைத்துத் தேற்றுவது எப்படி

அஞ்சல் அலுவலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். பார்சலை வாங்கு, எடை போடு, எழுதி வை, சேதாரம் இல்லாமல் கைமாற்று. இவ்வளவுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் எங்கள் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் ஒரு குதிரையை ஏழு மாதம் வைத்துத் தேற்றியபோது அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. குதிரைமேல் பாசம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் பாசத்தைவிடத் தராசுதான் அதிகம் உதவியது.

விலங்குக் காப்பகக்காரர்கள் அதற்குச் சீரகம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வெள்ளை மட்டக்குதிரை, பெட்டை. உடம்பெல்லாம் சீரகத்தைத் தூவியதுபோலப் பழுப்புப் புள்ளிகள். மலையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சுற்றிய குதிரை. வேலைக்கு ஆகாது என்றானதும் அவிழ்த்துவிட்டுவிட்டார்கள். குப்பைமேட்டில் பிளாஸ்டிக் பைகளோடு சோற்றைத் தின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து மீட்டது. காப்பகத்தில் இடம் இல்லை, மலைக் குளிர் அதன் உடம்புக்குத் தாங்காது, ஆறு மாதம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். யோசிக்காமல் சரி என்றேன். நீங்கள் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் காகிதம்

தற்காலிகமாகப் பார்த்துக்கொள்வது வேறு, தத்தெடுப்பது வேறு. நீங்கள் குதிரைக்குச் சொந்தக்காரர் அல்ல. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் (1960) கீழ் பறிமுதல் செய்யப்பட்ட குதிரை என்றால், வழக்கு முடியும்வரை அது வழக்குச் சொத்து. அப்படிப்பட்ட விலங்குகளின் பராமரிப்புக்கென்றே 2017இல் தனி விதிகள் வந்தன. அதன் பொறுப்பு காப்பகத்திடம் இருக்கும். ஆகவே காப்பகத்தின் எழுத்துப்பூர்வமான அனுமதி இல்லாமல் அதை உங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவரவும் கூடாது, அங்கிருந்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகவும் கூடாது. இனப்பெருக்கத்துக்கு விடுவது, வண்டியில் பூட்டுவது, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அனுப்புவது எதுவும் கூடாது. கடைசியாகச் சொன்னதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வந்து கேட்டார்கள்.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் எழுத்தில் இருக்கட்டும்: தீவனச் செலவு யாருடையது, மருத்துவச் செலவு யாருடையது, நள்ளிரவில் அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும், உங்களால் முடியாமல் போனால் எத்தனை நாளில் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்குள் தீவனம் என்னுடையது, மருத்துவம் அவர்களுடையது. என் நோட்டுப்படி மாதம் 7,000 முதல் 11,000 ரூபாய்வரை ஆனது. சின்னக் குதிரை, சொந்தக் காடு என்பதால் இந்தக் கணக்கு. பந்தயத்தில் ஓடிய உயர்சாதிக் குதிரை என்றால் இரண்டு மடங்காவது எடுத்து வையுங்கள்.

இன்னொரு காகிதமும் வேண்டும்: கிளாண்டர்ஸ் நோய் இல்லை என்ற பரிசோதனைச் சான்று. மூக்கில் புண், ஒட்டும் சளி, தோலுக்கடியில் வரிசையாகக் கட்டிகள் என்று வரும் நோய் அது. மனிதருக்கும் தொற்றும், உயிரையும் எடுக்கும். நோய் உறுதியானால் சட்டப்படி குதிரையைக் கருணைக்கொலை செய்தாக வேண்டும். ரத்த மாதிரியை எடுத்து அனுப்பினால் பரிசோதித்துச் சொல்வார்கள். ஹரியானாவின் ஹிசாரில் இருக்கும் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம்தான் இதற்குத் தலைமை இடம். சான்று கையில் வராமல் லாரியை ஊருக்குள் விடாதீர்கள். ரணஜன்னித் தடுப்பூசி, வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதிகளையும் கேட்டு வாங்குங்கள். குதிரைக்கு ரணஜன்னி மிகச் சுலபமாக வரும். துருப்பிடித்த ஆணி ஒன்று போதும்.

வேலி, நிழல், துணை

எங்கள் காடு நாலு ஏக்கர். கொறங்காடு என்பது இந்தப் பக்கத்து மேய்ச்சல் நிலம். கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரமும் இருக்கும், சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி. காங்கேயம் மாடுகளுக்காக ஏற்பட்ட ஏற்பாடு என்றாலும் குதிரைக்கும் அது பொருந்தியது. கிளுவை முள் கண்ணுக்குத் தெரியும், குதிரை ஒதுங்கிப் போய்விடும். முள்கம்பி வேலி அப்படியல்ல. மிரண்டு ஓடும் குதிரைக்குக் கம்பி தெரியாது. மார்பும் காலும் கிழிந்த பிறகுதான் அதற்கே தெரியும். உங்களிடம் முள்கம்பிதான் இருக்கிறது என்றால், குதிரை நிற்கும் பகுதியை மட்டுமாவது மூங்கிலாலோ சவுக்குக் கழியாலோ மார்பளவு உயரத்துக்கு உள்வேலியாக அடைத்துவிடுங்கள்.

கட்டுத்தரையில் மாட்டுக்குப் போட்ட சிமெண்டுத் தளம் குதிரைக்கு ஆகாது. வழுக்கும், குளம்பைத் தேய்க்கும். மண்தரையை மேடாக்கி அதன்மேல் மணலும் தேங்காய் நாரும் போட்டோம். மூன்று பக்கம் திறந்த ஓலைக் கொட்டகை போதும். சுவரைவிடக் காற்றுதான் முக்கியம்.

காட்டை ஒரு முறை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சுற்றி வாருங்கள். அரளி இருந்தால் வேரோடு பிடுங்குங்கள். சில இலைகளே குதிரையின் உயிரை வாங்கும். ஆமணக்கும் உண்ணிச்செடியும்கூட நஞ்சுதான். சூபாபுல் என்கிற சவுண்டலை ஆடு ஆசையாகத் தின்னும். குதிரை தொடர்ந்து தின்றால் பிடரி மயிரும் வால் மயிரும் கொட்டிவிடும். இங்கே பல்லடம் பக்கமெல்லாம் கோழிப்பண்ணை. பக்கத்தில் பண்ணை இருந்தால் மிச்சமான கோழித்தீவனத்தைத் தருகிறேன் என்று யாராவது நல்ல மனதோடு வருவார்கள். வாங்காதீர்கள். அதில் கலக்கும் மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் கோழிக்கு ஒன்றும் செய்யாது, குதிரையின் இதயத்தை அடித்துவிடும். மாட்டுத்தீவன மூட்டையையும் அந்தப் பக்கம் வைக்காதீர்கள்.

குதிரை தனியாக வாழும் பிராணி அல்ல. இன்னொரு குதிரையோ கழுதையோ இருந்தால் நல்லது. எங்களிடம் இருந்தது ஒரு வெள்ளாடு. முதல் 21 நாள் சீரகத்தை எதனோடும் சேர்க்கவில்லை. வாளி தனி, கயிறு தனி, தொட்டுவிட்டு வந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுவோம். அந்த நாட்களில் தாடைக்கடியில் கட்டி, மூக்கில் சீழ், காய்ச்சல் ஏதும் இல்லை என்று பார்த்த பிறகு ஆட்டை அவிழ்த்துவிட்டோம். முதல் நாள் இரண்டும் ஒன்றையொன்று சட்டை செய்யவில்லை. மூன்றாம் நாள் ஆடு குதிரையின் நிழலில் படுத்திருந்தது. அதற்கு வெயில்தான் காரணம் என்கிறார் வீட்டுக்காரர்.

வந்து இறங்கும் நாள்

கார்த்திகை மாதம் விடியற்காலை நான்கு மணிக்கு லாரி வந்தது. இறக்கியதும் ஊரே கூடும். கூட விடாதீர்கள். தண்ணீர்த் தொட்டி, கொஞ்சம் உலர்ந்த தீவனம், இருட்டு, அமைதி. முதல் நாளில் குதிரைக்கு வேறொன்றும் தேவையில்லை. தொட்டுப் பார்க்க வேண்டும், ஆரத்தி எடுக்க வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும் என்பதெல்லாம் நம் தேவை.

நான் செய்தது ஒன்றுதான். கொட்டகைக்குப் பத்தடி தள்ளி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். எத்தனை முறை லத்தி போடுகிறது, தண்ணீர் எவ்வளவு குறைகிறது, எந்தக் காலைத் தாங்கி நிற்கிறது என்றெல்லாம் எழுதி வைத்தேன். நன்றாக இருக்கும் குதிரை நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை லத்தி போடும். முதல் நாள் சீரகம் போட்டது மூன்று முறை. ஒன்றில் நீலநிறப் பாலிதீன் துண்டு இருந்தது.

அன்றைக்கே ஒன்றைக் கவனித்தேன். வீட்டுக்காரர் மளிகைச் சாமானைப் பிரித்தபோது பிளாஸ்டிக் பை சலசலத்தது. அதுவரை தலையைத் தொங்கப்போட்டு நின்ற குதிரை காதுகள் இரண்டையும் நட்டுக்கொண்டு வேலிவரை வந்துவிட்டது. அந்தச் சத்தம்தான் அதற்குச் சாப்பாட்டு மணி. அன்று முதல் துணிப்பை இல்லாமல் யாரும் எங்கள் காட்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

எடையைத் தெரிந்துகொள்ள எடைமேடை வேண்டியதில்லை. தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள், சென்டிமீட்டரில். அந்த எண்ணை அதே எண்ணால் பெருக்குங்கள். தோள் முனையிலிருந்து புட்டத்தின் முனைவரை உள்ள நீளத்தால் மீண்டும் பெருக்கி 11,880ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சீரகத்துக்கு மார்புச் சுற்று 128, நீளம் 122. 168 கிலோ. அந்த உயரத்துக்கு 210 கிலோவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றார் மருத்துவர். டெக்ஸாஸில் ஹென்னெக்கி என்பவர் 1983இல் ஏற்படுத்திய ஓர் அளவுகோல் இருக்கிறது. எலும்பும் தோலுமாக இருப்பது 1, கொழுத்துப் பிதுங்குவது 9. சீரகம் 2. விலா எலும்புகளை எண்ண வேண்டியதே இல்லை, தூரத்திலிருந்தே தெரிந்தன.

தீவனம்: இங்கேதான் நல்லவர்கள் குதிரையைக் கொல்கிறார்கள்

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இளவயதில் பழனியில் ஜட்கா ஓட்டியவர். எண்பதைத் தாண்டிவிட்டார். குதிரை வந்த செய்தி கேட்டு மறுநாளே வந்து வேலிக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்தார்.

“என்ன போடுகிறாய் அம்மிணி?”

“கொள்ளு ஊறவைத்திருக்கிறேன் மாமா.”

“அதை நீ ரசம் வைத்துக் குடி. இதற்குப் போடாதே.”

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சும்மாவா சொன்னார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அந்தப் பழமொழி மனிதருக்குச் சொன்னது. ஆனால் அவர் சொன்னதைத்தான் மருத்துவரும் போனில் வேறு வார்த்தைகளில் சொன்னார்.

பல வாரம் பட்டினி கிடந்த உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் தின்றே உயிர் வாழ்ந்திருக்கும். திடீரென்று தானியமும் வெல்லமும் உள்ளே போனால் இன்சுலின் குபீரென்று சுரக்கும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பரஸ், மக்னீசியத்தையெல்லாம் அது செல்களுக்குள் இழுத்துக்கொண்டுவிடும். இதயமும் மூச்சும் தடுமாறும். முதல் இரண்டு நாள் ஆசையாகத் தின்ற குதிரை மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ சாய்ந்துவிடும். பட்டினியில் பிழைத்தது சோற்றில் சாகும்.

கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் பட்டினிக் குதிரைகளுக்கு வெவ்வேறு தீவனங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுடைய முடிவு: மாவுச்சத்து குறைந்த, புரதமும் தாதுக்களும் உள்ள உலர்ந்த குதிரைமசால் என்ற தீவனப்பயிர், சிறிது சிறிதாக. பெயரிலேயே குதிரை இருக்கிறது, நம் கோயம்புத்தூர்ப் பக்கம் விளைவதுதான். பெரிய குதிரைக்கு நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை ஏறக்குறைய அரைக் கிலோ என்று மூன்று நாள். பிறகு அளவை மெல்லக் கூட்டி, வேளைகளைக் குறைத்து, பத்து நாளில் வயிறார என்ற நிலைக்கு வர வேண்டும். சீரகம் சிறியது என்பதால் மருத்துவர் வேளைக்கு 200 கிராம் என்றார். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10, பின்னிரவு 2.

200 கிராம் உலர்மசால் என்பது இரண்டு கைப்பிடி. அதைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுத் தொட்டியை நக்கிக்கொண்டு நம் முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வைக்கு இரங்காமல் திரும்பி நடப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. அலுவலகத்திலிருந்து ஓய்வு பெறும்போது எனக்கு நானே வாங்கிக்கொண்ட சின்னத் தராசு ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வேளையும் அதில் நிறுத்துத்தான் போட்டேன்.

மசால் கிடைக்காத ஊரில் கடலைக்கொடி நல்லது. ஆனால் இரண்டு கண்டிப்பு. பூஞ்சை வாடை ஒரு துளி அடித்தாலும் வேண்டாம். மண்ணை நன்றாக உதறிவிட்டுப் போடுங்கள், மண் வயிற்றில் சேர்ந்தால் அதுவே வலியைக் கொண்டுவரும். வைக்கோல் மாட்டுக்குத்தான். மாட்டைப்போல அசைபோடும் வயிறு குதிரைக்கு இல்லை, சத்தில்லாத வைக்கோல் குடலில் அடைத்துக்கொள்ளும். பச்சைச் சோளப்பயிரைக் கிட்டேயே காட்டாதீர்கள். காய்ந்த சோளத்தட்டைப் பின்னாளில் நறுக்கிக் கலக்கலாம். கொழுக்கட்டைப்புல்லிலும் நேப்பியர் புல்லிலும் இருக்கும் ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், தவிட்டை வாளி வாளியாகப் போட்டாலும் அதே கேடுதான். மாதக்கணக்கில் அதுவே தீவனமானால் முக எலும்பு வீங்கும். ஆகவே புல்லோடு எப்போதும் மசாலோ கடலைக்கொடியோ சேரட்டும். தொட்டி ஓரம் ஒரு கட்டிக் கல்லுப்பு. தண்ணீர் கணக்கில்லாமல்.

கொள்ளு? நான்காம் மாதம் தொடங்கினேன். வேகவைத்து, ஒரு கைப்பிடி. பெரியவர் வந்து பார்த்து, தலையை மட்டும் ஆட்டினார்.

ஐந்தாம் நாள் இரவு

என் நாத்தனார் அன்று வந்திருந்தாள். இரக்கசாலி. மாலையில் நான் குளிக்கப் போன நேரத்தில், பெரியவர் ரசம் வைக்கச் சொன்ன அந்த ஊறிய கொள்ளு முழுவதையும் வெல்லத்தோடு தொட்டியில் கொட்டிவிட்டாள். தப்பு அவளுடையது அல்ல. சமையலறையில் அதை விட்டுவைத்தவள் நான். ஒன்றரைக் கிலோ இருக்கும்.

பத்து மணித் தீவனத்துக்குப் போனபோது குதிரை என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அதுவே முதல் அறிகுறி. முன்னங்காலால் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. பிறகு கழுத்தை வளைத்துத் தன் விலாவைப் பார்த்தது, யாரோ அங்கே தட்டிக் கூப்பிட்டதுபோல. மேலுதட்டைச் சுருட்டியது. கழுத்தில் வியர்வை. முன்கால்களை மடித்துப் படுத்தது, எழுந்தது, மறுபடி படுத்துப் புரளப் பார்த்தது. வயிற்றில் காதை வைத்தேன். நன்றாக இருக்கும் குதிரையின் வயிறு எப்போதும் கடகடவென்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்கும். இடப்பக்கம் மெலிதாக ஒரு சத்தம். வலப்பக்கம் ஒன்றும் இல்லை.

குதிரைக்கு வயிற்றுவலி என்பது நமக்கு வருவதுபோல அல்ல. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அடைத்தாலோ குடல் முறுக்கிக்கொண்டாலோ சில மணி நேரத்தில் கதை முடியும். ஆகவே இந்த எண்களை எழுதிக் கொட்டகையிலேயே ஒட்டி வையுங்கள். ஓய்வாக நிற்கும் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மட்டக்குதிரைக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். மூச்சு 8 முதல் 16. உடல் வெப்பம் 99 முதல் 101 டிகிரி. ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்திவிட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். நாடியைத் தாடை எலும்பின் உள்விளிம்பில் பார்க்கலாம். நாடி 60ஐத் தாண்டினால் யோசிக்க நேரம் இல்லை. சீரகத்துக்கு 64.

மருத்துவருக்குப் போன் செய்தேன். தீவனம், வைக்கோல், படுக்கையில் கிடக்கும் துரும்பு உட்பட எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னார். புரண்டால் மட்டும் எழுப்பி மெதுவாக நடத்து, சும்மா நின்றால் நிற்க விடு, விடிய விடிய நடத்திச் சாகடிக்காதே என்றார். அதற்குள் நான்கு பேர் கூடிவிட்டார்கள். மூங்கில் கொட்டத்தில் நல்லெண்ணெய் புகட்டு, இஞ்சிச் சாறு புகட்டு என்று ஆளுக்கொரு யோசனை. மாட்டுக்குச் செய்து பழகிய கை. குதிரைக்கு அப்படிப் புகட்டினால் எண்ணெய் நுரையீரலுக்குள் போக வாய்ப்பு அதிகம். மருத்துவர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றுக்குள் செலுத்துவார், அது வேறு. கொட்டத்தை வாங்கி என் புடவைக்குள் ஒளித்துக்கொண்டேன். உண்மையாகவே.

இரவு ஒரு மணிக்கு மருத்துவர் வந்தார். வலிக்கு ஊசி, மூக்கில் குழாய், சலைன். விடியற்காலை ஐந்தே காலுக்குச் சீரகம் வாலைத் தூக்கியது. முதலில் வாயு. பிறகு ஐந்து உருண்டை, பச்சையும் மஞ்சளுமாக, முழுக் கொள்ளுகளோடு. 31 ஆண்டில் எத்தனையோ மணியார்டர் கொடுத்திருக்கிறேன், யார் முகத்திலும் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் பார்த்ததில்லை; என் முகத்தில் இருந்ததாம், வீட்டுக்காரர் சொன்னார். அடுத்த மூன்று நாளும் ரத்தம் எடுத்துப் பார்த்து, மறுபடி 200 கிராமிலிருந்து தொடங்கினோம்.

இதிலிருந்து இரண்டு வேலை உங்களுக்கு. குதிரை வருவதற்கு முன்பே உங்கள் வட்டாரத்தில் குதிரை பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் யார் என்று கண்டுபிடித்து நேரில் போய்ப் பேசிவிடுங்கள். மாடும் ஆடும் பார்ப்பவர்கள் எல்லோரும் குதிரைக்குக் குழாய் விட்டிருக்க மாட்டார்கள். 1962 என்ற எண்ணில் அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி உண்டு. பெரிய சிகிச்சை என்றால் எங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிதான். ராத்திரியில் குதிரையை ஏற்ற யாருடைய வண்டி வரும் என்பதையும் பகலிலேயே பேசி வையுங்கள். இரண்டாவது வேலை, தீவன அறைக்குப் பூட்டு.

குளம்பும் பல்லும்

சீரகத்தின் முன்குளம்புகள் மொகலாயர் காலச் செருப்புபோல மேல்நோக்கி வளைந்திருந்தன. ஒரே நாளில் வெட்டிச் சரிசெய்யச் சொல்லாதீர்கள். நரம்பும் எலும்பும் அந்தக் கோணலுக்குப் பழகியிருக்கும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை, கொஞ்சம் கொஞ்சமாக, மூன்று தவணையில் நேரானது. எங்கள் பக்கம் லாடக்காரர்கள் காளையைக் கயிறு போட்டுச் சாய்த்து லாடம் அடிப்பவர்கள். குதிரையைச் சாய்க்கக் கூடாது, நின்றபடி காலைத் தூக்கித்தான் வேலை செய்ய வேண்டும். நல்ல ஆள் வேண்டுமானால் ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்குப் போய் விசாரியுங்கள். அங்கே குதிரை வைத்திருப்பவர்களுக்குத் தெரியாத லாடக்காரர் கிடையாது. மேய்ச்சலில் சும்மா இருக்கும் குதிரைக்கு லாடம் பெரும்பாலும் தேவைப்படாது, செதுக்கினால் போதும்.

அவர் வருவதற்கு முன் காலைத் தூக்கிக் கொடுக்கக் குதிரையைப் பழக்குவது உங்கள் வேலை. தோளிலிருந்து கையை எடுக்காமல் கீழே தடவிக்கொண்டே வாருங்கள். முதல் வாரம் இரண்டு விநாடி தூக்கினால் போதும், அது இழுப்பதற்கு முன் நீங்களே விட்டுவிடுங்கள். சீரகத்தின் முன்கணுக்காலில் தளைக்கயிறு அறுத்த வடு. அங்கே விரல் பட்டாலே நடுங்கும். அதற்கு மட்டும் ஒரு மாதம் ஆனது. தினமும் குளம்பின் அடியை மழுங்கிய கொக்கியால் சுத்தம் செய்யுங்கள். நடுவில் முக்கோணமாக ஒரு மெத்தை இருக்கும். அதன் ஓரப் பள்ளத்தில் கறுப்பாகக் கசிந்து நாற்றமடித்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். ஈரத் தரையை மாற்றுங்கள்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். காப்பகக் குதிரையை அவசியம் பாருங்கள். சீரகம் மசாலை மென்று, பாதியில் உருண்டையாகக் கீழே துப்பியது. கடைவாய்ப் பற்கள் ஓரத்தில் கத்திபோல வளர்ந்து கன்னத்தைக் கிழித்திருந்தன. மயக்க ஊசி போட்டு அரத்தால் தேய்த்துவிட்டார்கள். அதற்கப்புறம்தான் எடை ஏறத் தொடங்கியது. குடற்புழு மருந்தை மருத்துவர் உடனே கொடுக்கவில்லை. லத்தியைப் பரிசோதித்து, உடம்பு கொஞ்சம் தேறிய பிறகுதான் கொடுத்தார்.

தொடுவது

கொள்ளென்றால் வாய் திறக்கும், கடிவாளமென்றால் வாய் மூடும் என்று குதிரையைக் கேலி செய்கிறோம். சீரகத்தின் கடைவாயில் இருபக்கமும் தழும்பு. முள்வைத்த கடிவாளம் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். சுமை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகளிலேயே அது தடை. அப்படிப்பட்ட வாய் மூடிக்கொள்ளாமல் என்ன செய்யும்? எங்களிடம் இருந்தவரை பருத்திக் கயிற்றில் பின்னிய தலைக்கயிறு மட்டும்தான். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மிரண்டு இழுத்தால் விரல் போய்விடும்.

இடப்பக்கமாக, தோளைப் பார்த்து, பேசிக்கொண்டே போங்கள். நேர் எதிரிலும் நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது. அளவெடுத்ததையும் அந்த ஐந்தாம் நாள் இரவையும் தவிர, முதல் பதினைந்து நாள் நான் தொடவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைச் சத்தமாகப் படித்தேன், சந்தை நிலவரம் உட்பட. பதினாறாம் நாள் அதுவே வந்து தாளை முகர்ந்தது. முதுகில், பிடரி முடியும் மேட்டில், சேணம் தேய்த்த புண் இருந்தது. உப்புநீரில் கழுவி, மருத்துவர் கொடுத்த களிம்பு, ஈ மொய்க்காமல் இருக்கச் சுற்றிலும் வேப்பெண்ணெய். கறுத்த குதிரைக்கு என்றால் ஆறிய இடத்தில் வெள்ளை முடி முளைத்துக் காலமெல்லாம் காட்டிக்கொடுக்கும். இவள் வெள்ளை. ஒன்றும் தெரியவில்லை.

சித்திரை வெயிலில் காலை பத்து முதல் நான்குவரை நிழல், கழுத்திலும் கால்களிலும் தண்ணீர். குதிரை ஈ கடித்துப் பரவும் சர்ரா என்ற ரத்த நோய் ஒன்று உண்டு. காய்ச்சல் விட்டு விட்டு வரும், வயிற்றுக்கடியில் வீக்கம், ஈறு வெளுக்கும். சந்தேகம் வந்தால் ரத்தப் பரிசோதனை. லத்தியைத் தினமும் அள்ளிக் குழியில் மூடினால் ஈ குறையும். தென்னைக்கு நல்ல உரமும் கிடைக்கும்.

சவாரி கேட்டு வருபவர்களைச் சமாளிக்கத் தனியாக ஓர் அத்தியாயம் எழுதலாம். என் கொழுந்தனார் ஒரு முறை ஏறிப் பார்க்கிறேன் என்றார். மட்டக்குதிரையின் முதுகில் 70 கிலோவுக்குமேல் சுமை ஏற்றக் கூடாது என்று விதி இருக்கிறது என்றேன். அவர் எடை 92. அதோடு பேச்சு நின்றது. அவர் 60 கிலோவாக இருந்திருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

அனுப்பும் நாள்

நான்காம் மாத முடிவில் மார்புச் சுற்று 143, நீளம் 124. 213 கிலோ. வைகாசியில் காப்பகக்காரர்கள் நிரந்தரமான இடம் கிடைத்துவிட்டது என்றார்கள். இன்னும் இரண்டு குதிரைகள் இருக்கும் தோட்டம். ஒரு வாரம் முன்பே லாரி ஏறப் பழக்குங்கள். வண்டியைக் காட்டில் நிறுத்தி, பலகையில் மண்ணைக் கொட்டி, உள்ளே மசாலை வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். மூன்றாம் நாள் அதுவே ஏறித் தின்றுவிட்டு இறங்கியது. அடித்து ஏற்றிய குதிரை மறுபடி எந்த வண்டியிலும் நிம்மதியாக ஏறாது.

கூடவே என் நோட்டைக் கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்தில் விலாசம் எழுதும் கையெழுத்தில்: இடப்பக்கமாக வரவும். வலது முன்கணுக்காலைக் கடைசியில் தொடவும். பிளாஸ்டிக் பைச் சத்தம் கேட்டால் ஓடி வரும், ஏமாற்ற வேண்டாம், கையில் ஒரு வாய் மசாலாவது இருக்கட்டும். ஆடு இல்லாமல் படுக்காது, முதல் சில நாள் வேறு துணை பக்கத்தில் தெரியும்படி கட்டவும்.

ஆடு இரண்டு நாள் கொட்டகை வாசலிலேயே நின்றது. தொட்டியைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தோம். படுக்கை மணலை அள்ளிக் கொட்டிவிட்டுப் புது மணல் போட்டிருக்கிறோம். ஒரு மாதம் வெயிலில் காயட்டும். அடுத்தது எப்போது வரும் என்று சொல்லவில்லை. பரணில் இரண்டு கட்டுக் கடலைக்கொடி இருக்கிறது, பூஞ்சை இல்லை, நேற்றுதான் பார்த்தேன்.